இடக்கைக்காரருக்கு வைத்த தட்டு

“உங்கப்பன் வலது கையால சாப்பிடுறவன். நீ ஏன் சாப்பிடுற குச்சிய இப்படித் திருப்பி வரைஞ்சிருக்க?” என்று பெரியப்பா கேட்டார்.

அவர் கையில் இருந்தது என் முதல் மங்கா, ஒரு சித்திரக்கதைப் புத்தகம். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு வரைந்தது. ஒரு உணவகம், அங்கே ஒரு காதல், வீட்டாருக்குத் தெரியாத ஒரு ரகசியம். ஊர்ப் பெயரை மாற்றினேன், சமைக்கிறவளுக்குச் சுருட்டை முடி வைத்தேன். தட்டை மட்டும் எங்கள் கடையில் பார்த்தபடியே வரைந்துவிட்டேன்.

யாயிஸு துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கடை. நடத்துவது என் அம்மா ஓரியே. மலைப்பக்கத்துத் தேயிலைக் கிராமத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே மருமகளாக வந்தவர். மீன் புதுசா என்று கேட்பவர்களிடம், “நேத்துதான் செத்துச்சு, துக்கம் விசாரிச்சிட்டுச் சாப்பிடுங்க” என்பார். சூரை மீன் பிடிக்கப் போன அப்பாவின் கப்பல் ஒன்பது வருடமாகத் திரும்பவில்லை. தம்பி இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுக்கப் பெரியப்பா சம்மதிக்கவே இல்லை. போனவர் பசியில்லாமல் இருக்கட்டும் என்று அம்மா தினமும் கடைசி இருக்கையில் ஒரு தட்டு வைப்பார்.

மதியக் கூட்டம் போனபின் அந்தச் சோற்றை வீட்டில் யாராவது சாப்பிடுவோம். பிறகு மூன்று மணிக்கு டோஃபு என்கிற சோயாக் கட்டி கொண்டுவரும் குவாபாரா அதைச் சாப்பிட ஆரம்பித்தார். அதிகம் பேசமாட்டார். அவர் இருக்கும்போது அம்மா முணுமுணுப்பாகப் பாடுவார். குவாபாரா இடக்கைக்காரர். வழக்கமாக இடப்பக்கம் பார்க்கும் குச்சி முனைகள் வலப்பக்கம் பார்க்கும்படி அம்மா எப்போது திருப்பி வைக்கத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. தட்டு யாருக்கு என்று பெரியப்பாவுக்கு என் படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

மறுநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் குவாபாராவை வாசலிலேயே நிறுத்தினார்.

“ஓரியேதான் சொல்லச் சொன்னா. இனிமே நீங்க இங்க வர வேண்டாமாம்.”

குவாபாரா என்னைப் பார்த்தார். “அப்படியாம்மா, சினாமி?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அப்பாவின் இருக்கையில் இன்னொருவர் உட்காருவது எனக்கும் பிடிக்கவில்லை. தலையாட்டினேன். அவர் டோஃபுப் பெட்டியை இறக்கி வைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அந்த மாதமே தன் டோஃபு கடையை மூடிவிட்டு ஹமாமட்ஸு பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அம்மா பல நாள் மூன்று மணிக்குக் கதவைப் பார்த்தபடி நின்றார். குவாபாரா ஏதாவது சொன்னாரா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். இப்போது அம்மா பாடுவதில்லை.

இரண்டு வருடம் கழித்து, போன வாரம்தான் உண்மையைச் சொன்னேன். அம்மா முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே,” என்றார். அவ்வளவுதான்.

குவாபாராவை எங்கே தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது. என் மங்கா நான் நினைக்காத கைகளுக்கெல்லாம் போனது. இதையும் அப்படிக் கொண்டுபோங்கள். டோஃபு செய்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். குவாபாராவை வர வேண்டாம் என்று அம்மா சொல்லவே இல்லை. பொய்யாகத் தலையாட்டியது நான்.