குறுக்குக் காற்றின் பகைவர்

ராடிவோயே முதலில் கதவைச் சாத்துகிறார். வண்டி பட்டறைக்குள் வந்து நின்றதும் சாலைப் பக்கக் கதவு, பிறகு நிதானமாக நடந்து போய் ஆற்றுப் பக்கக் கதவு. இரண்டும் மூடியாயிற்றா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் வண்டிக்காரரிடம், "ம், இப்ப சொல்லுங்க" என்பார். இன்ஜின் புகை வெளியே போவதற்குச் சுவரைத் துளைத்து ஒரு குழாய் வைத்திருக்கிறார். அந்தக் குழாயைச் சுற்றிய இடுக்கிலும் பழைய சாக்கைத் திணித்திருக்கிறார். மே மாதப் புழுக்கத்திலும் இதில் மாற்றம் கிடையாது.

எங்கள் மொராவா ஆற்றங்கரையில் குறுக்குக் காற்றுக்கு அஞ்சாதவர் யார்? பேருந்தில் இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருந்தால் நானே எழுந்து போய் ஒன்றை மூடுகிறவள்தான். ஆனால் ராடிவோயேக்கு அது அச்சமல்ல, தீராப் பகை. அவருடைய கழுத்துப் பிடிப்பு, மனைவியின் பல்வலி, மச்சினனின் முகவாதம் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் திறந்து வைத்த ஜன்னல்தான் காரணம். கழுத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. அடுத்த கடையில் பதினெட்டு வருடமாகப் புரெக் என்கிற அடுக்கு ரொட்டி சுட்டு விற்கிறேன், அந்தத் தொப்பி இல்லாமல் மனிதரை ஒரு நாளும் பார்த்ததில்லை. உள்ளே முடி இருக்கிறதா, வழுக்கையா என்று என் கடையில் பந்தயமே நடக்கிறது.

காலை ஏழு மணிக்கு ஒரு சர்க்கரைக் கட்டியில் மூன்று சொட்டு மருந்து விட்டு வாயில் போட்டுக்கொள்வார். தேனீக்கள் கூட்டின் ஓட்டைகளை அடைக்கும் பிசினைப் பிளம் சாராயத்தில் ஊறவைத்த மருந்து அது. தொண்டைக்கு நல்லதாம். கண்ணை மூடிக்கொண்டு அதை உறிஞ்சும் அந்த இரண்டு நிமிடம் போன் அடித்தாலும் எடுக்கமாட்டார்.

இப்படிப்பட்டவருக்குத் தொழில் காற்று. டர்போ வைத்த வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் மூன்று தாலுகாக்காரர்களும் இவரிடம்தான் வருவார்கள். டர்போ என்றால் என்ன என்று நான் ஒரு முறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். புரெக் ஆறிப்போகும்வரை விளக்கினார். "இன்ஜின் தானா இழுக்கிற மூச்சு பத்தல நெவென்கா. அதுக்கு ஒரு விசிறி காத்த அமுக்கி உள்ள தள்ளுது. அமுக்கின காத்து வழியில எங்கயாச்சும் நழுவிடுச்சுன்னா வண்டி செத்த மாதிரிதான். எங்க நழுவுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. பார்ட்ஸ மாத்துறது எவனுக்கும் வரும்." லேப்டாப்பையும் வண்டியில் செருகிப் பார்ப்பார். "அது சொல்றத கேட்டுக்குவேன். நம்பணும்னு கட்டாயமா என்ன?" என்பார்.

போன மே மாதம் தோப்ரிலோ வந்து சேர்ந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் நாற்பது தேனீப் பெட்டி வைத்திருப்பவர். எதிர் மலையில் பாக்ரெம் மரங்கள் வெள்ளையாகப் பூத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பூ பத்து நாள் நின்றால் பெரிது. அதற்குள் பெட்டிகளை மேலே கொண்டு போகாவிட்டால் அவருக்கு அந்த வருடத் தேன் கிடையாது. பெட்டிகளை ஏற்ற டிரெய்லர் இருந்தது, இழுக்க வேண்டிய பழைய டீசல் காரோ வெறும் டிரெய்லரோடு மலைச்சாலையின் முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டது. நகரத்துப் பெரிய பட்டறையில் டர்போ போய்விட்டது, புதிது வர எட்டு நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"எட்டு நாளாம் மேஸ்திரி! எட்டு நாள்ல பூவெல்லாம் தரையில கெடக்கும். என் தேனீங்க என்ன, தார் ரோட்டையா நக்கும்?"

"கத்தாதீங்கண்ணே. கதவ சாத்திட்டு வாங்க. எப்ப இழுக்க மாட்டேங்குது?"

"வீட்ட விட்டுக் கெளம்பறப்ப சிங்கம். பாலத்துக்கு வர்றதுக்குள்ள கழுத."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க எங்க கேட்டாங்க? ராத்திரி பூரா அங்கயே நின்ன வண்டி, காலைல கம்ப்யூட்டர சொருகினாங்க, உதட்டப் பிதுக்கினாங்க."

ராடிவோயே இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ஒரு குழாயைக் கழற்றி டர்போவுக்குள் விரலை விட்டு அதன் அச்சை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "இந்தம்மா நல்லாத்தான் இருக்கா" என்றார். அடுத்தது புகை. காற்று போகும் வழியை ஒரு முனையில் அடைத்து, புகையை உள்ளே விட்டு மெல்ல அழுத்தம் கொடுத்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப் பார்க்கும். புகை மூட்ட அவர் வைத்திருந்த காப்பி டப்பா அந்த வாரம்தான் அடி ஓட்டையாகிப் போயிருந்தது. தோப்ரிலோ காரின் பின்பக்கத்திலிருந்து தேனீக்களுக்குப் புகை போடும் துருத்தியை எடுத்து நீட்டினார். ராடிவோயே முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. புதுப் பொம்மை கிடைத்துவிட்டது!

துருத்திக்குள் சாக்குத் துண்டும் காய்ந்த புல்லும் கனன்றன. சாத்திய கதவுகளுக்குள் புகை ஆடாமல் அசையாமல் நேராக எழுந்தது. "பாத்தியா நெவென்கா, கதவு தெறந்திருந்தா புகை பொய் சொல்லும்" என்று வேடிக்கை பார்க்க வந்து நின்ற எனக்கு ஒரு குத்து வேறு. ஆனால் ஆறிக் கிடந்த இன்ஜினில் எங்கிருந்தும் புகை வரவில்லை. தோப்ரிலோவின் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப டர்போதான். அவங்க சொன்னது சரி. இந்த வருஷம் அவ்வளவுதான்."

"இருங்கண்ணே. வண்டி இப்ப சிங்கமால்ல இருக்கு? கழுத ஆகட்டும்."

மெல்லிய குழாய் ஒன்றை இன்ஜினிலிருந்து காருக்குள் இழுத்து அழுத்தமானியில் மாட்டினார். குழாய் நுழைந்த ஜன்னல் இடுக்கைத் துணியால் அடைக்கவும் மறக்கவில்லை. என் அடுப்பு அணைந்திருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். நான்கு கண்ணாடிகளும் மூடிய காரில் மூவரும் வெந்துகொண்டே போனோம். முதலில் அழுத்தமானியின் முள் ஒன்றேகாலைத் தொட்டது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்து ஏற்றத்தில் மிதித்தபோது அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ராடிவோயே உற்சாகமாகத் தொடையில் தட்டிக்கொண்டார். "டர்போ செத்திருந்தா காலைலயும் செத்துத்தான் இருக்கும். இது சூட்டுல தெறக்கிற ஓட்ட."

திரும்பி வந்ததும், சூடு ஆறுவதற்குள், மறுபடி புகை. இந்த முறை, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்திலிருந்து நூலாக ஒரு கோடு கீழே இறங்கியது. ராடிவோயே பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். மூக்கால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை உறிஞ்சினார். விரலில் எதையோ வழித்துக்கொண்டு வெளியே வந்து தோப்ரிலோவைப் பார்த்தார்.

"அண்ணே, இது எந்த வருஷத்துப் பிசின்?"

தோப்ரிலோ தன் செருப்பைப் பார்த்தார். நவம்பரில் ஹோஸில் சின்ன வெடிப்பு தெரிந்ததாம். இவரே தேன்கூட்டுப் பிசினை உருக்கி அடைத்துவிட்டாராம். "குளிர் பூரா கல்லு மாதிரி நின்னுச்சு மேஸ்திரி. நான் மறந்தே போனேன். தேனீ அதாலதானே எல்லா ஓட்டையையும் அடைக்குது! என் தொண்டைக்கு, கால் வெடிப்புக்கு, தண்ணி வாளிக்கு... இதுவரைக்கும் கைவிட்டதே இல்ல."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ராடிவோயே சிரிக்கவில்லை. தினமும் காலையில் தான் சப்புகிற சாமான் ஆயிற்றே, மரியாதை விட்டுப்போகுமா? "பிசின் மேல தப்பில்லண்ணே. அதுக்கு வெயில் ஆகாது, அவ்வளவுதான்" என்றார். பழைய அலமாரியைக் குடைந்து அதே அளவில் ஒரு ஹோஸைக் கண்டுபிடித்து, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். தோப்ரிலோ வண்டியை எடுத்துக்கொண்டு பெட்டிகளை ஏற்ற ஓடினார்.

அதற்குள் பட்டறை முழுக்கப் புகை. கண் திறக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் ராடிவோயே இரண்டு கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு என் கடைக்குள் வந்து ஒளிந்துகொண்டார். ஒரு தயிர்க் குவளையைக் காலி செய்தார். "நெடி போனதும் சொல்லு" என்றார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் சொன்னதில்லை, சொன்னால் அதற்கும் எங்கேயாவது ஜன்னல் திறந்திருக்கிறதா என்று தேடுவார்.

வெயில் சாய்ந்தபோது தோப்ரிலோவின் கார் ஹாரன் அடித்தபடி கடந்து போயிற்று. வலை போர்த்திய இருபது பெட்டி, முதல் நடை. பத்து கிலோமீட்டர் ஓடிவந்த சூடான இன்ஜின். பாலத்தைத் தாண்டினால் ஏற்றம். ராடிவோயே குவளையை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் விடுவிடுவென்று நடந்தார். மலைச்சாலை அந்த ஆற்றுப் பக்கக் கதவு வழியாகத்தான் தெரியும்.

ஆற்றுக் காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று கத்தினேன். "யோவ் ராடிவோயே, குறுக்குக் காத்துய்யா!"

சும்மா இரு என்று கையைக் காட்டினார். முந்தின நாள் உட்கார்ந்துபோன முதல் வளைவில் கார் திணறாமல் ஏறியது. டர்போவின் சன்னமான சீழ்க்கை ஆற்றைத் தாண்டி வந்து, தேய்ந்து, இரண்டாம் வளைவுக்குப் பின்னால் மறையப் பார்த்தது. ராடிவோயே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நரைமுடி காற்றில் பறக்க, காதை மலைப் பக்கம் திருப்பினார்.