ஜீப்புக்குப் போட்ட ஃபேன்

ஜீப்பை விற்கப்போவதாக அண்ணன் சொன்ன அன்று நான் அவரை அடித்திருப்பேன். என் மனைவி குறுக்கே வந்து நின்றதால் தப்பித்தார்.

ஜீப் என்றால் சின்ன ஜீப் இல்லை. எட்டுப் பேர் உட்காரலாம். ஜப்பான்காரன் செய்த பெரிய ஃபோர் வீல் டிரைவ், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நானும் அண்ணனும் சேர்ந்து பழசாகத்தான் வாங்கினோம். பதிவு அவர் பெயரில். அவர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வண்டி கேட்பார், அவ்வளவுதான். நான் வயர்மேன். ஏணி, பைப், கேபிள் சுருள் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிக்கொண்டு ஜோர்ஜ்டவுன் முழுக்க வீடுகளுக்கு வயரிங் செய்தவன். அந்த வருஷம் பாலிக் பூலாவில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளுக்கு வயரிங் வேலை கிடைத்திருந்தது. அது மலைக்கு அந்தப் பக்கம். ஜீப் போனால் வேலையும் போய்விடும்.

அந்த வண்டியில் நான் கழற்றிப் பார்க்காத இடம் கிடையாது. கிளட்ச் மாற்றினேன். பிரேக் பம்ப் மாற்றினேன். கதவுக்குக் கீழே துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றும் சரியாகும்போது எனக்கு வரும் சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

பிரச்சினை சூடு. பழைய ஃபேனில் ஒரு இறக்கை உடைந்து போயிருந்தது. கடல் தாண்டி, பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஹாஃப் கட் கடைக்குப் போனேன். ஜப்பானில் பழைய கார்களைக் குறுக்கே அறுத்து முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள், அதைத்தான் இங்கே ஹாஃப் கட் என்போம். மழைத்தண்ணீர் தேங்கிய திடலில் நூறு கார்கள் பாதிப் பாதியாகக் கிடந்தன. அதில் ஒன்றிலிருந்து பெரிய எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை நானே கழற்றினேன். ஃபெரியில் திரும்பி வரும்போது அதை மடியில் வைத்திருந்தேன். மடியில் குழந்தையா என்று ஒரு கிழவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. பழையதைப் பிடுங்கி எறிந்தேன். ரேடியேட்டருக்குப் பின்னால் புதியதை மாட்டினேன். ரிலே, ஃபியூஸ், டேஷ்போர்டில் தனி சுவிட்ச். ஃபேனில் இரண்டே வயர். கொடுத்தேன், தட்டினேன், சுற்றியது. வீட்டுக்கு வந்தபின் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடலாம். அப்படி ஒரு வசதி தெருவில் யார் வண்டியிலும் இல்லை.

அடுத்த வாரம் மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே தண்ணீர் கொதித்தது. முன்பாவது உச்சி வரை போய்க் கொதிக்கும்.

ஜெலுத்தோங்கில் ரேடியேட்டர் கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போய் நின்றேன். சீனர், ஐம்பது வயசு, தமிழ் தெரியும். என் ரேடியேட்டரைப் புதிதாகச் செய்து கொடுத்தவர் அவர்தான்.

"என்னா ரேடியேட்டர் செஞ்ச நீ? தகர டின்னா?" என்றேன்.

"ரேடியேட்டர் ஓகே லா, தம்பி."

"ஓகேன்னா ஏன் கொதிக்குது?"

"உன் தலையும்தான் கொதிக்குது. அதுக்கும் நான்தான் ரேடியேட்டர் செஞ்சேனா?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட் மாற்றினேன், ஹோஸ் மாற்றினேன், மூடி மாற்றினேன். சமதரையில் நன்றாக ஓடியது. மலையில் மெதுவாக ஏறினால் கொதித்தது.

அப்போதுதான் அண்ணன் வண்டியை வாங்க ஆள் பிடித்தார். "நிபோங் திபால்ல செம்பனைத் தோட்டக் குத்தகைக்காரரு ஒருத்தரு கேக்குறாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வர்றாரு."

"வேல இருக்குண்ணே எனக்கு."

"மலை ஏறாத வண்டிய வச்சிக்கிட்டு என்னடா வேல? சரி, ஞாயித்துக்கெழம காலையில நானும் வர்றேன். கொதிக்காம ஏறிட்டா விக்கல. கொதிச்சா வாய மூடிக்கிட்டு சாவியக் குடு."

சனிக்கிழமை மதியம் அடைமழை. வேலையிலிருந்து வந்து வழக்கம்போல ஃபேனை ஓடவிட்டு, போர்ச்சில் உட்கார்ந்து, கூரைக்குக் கீழே தெருவைப் பார்த்து நின்ற ஜீப்பையே ஆத்திரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கையில் பிள்ளைகளின் ஈரமான பள்ளிக்கூட சாக்ஸோடு வந்தாள். ஜீப்பின் முன் கிரில்லில் ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மாட்டினாள்.

"என்ன பண்ற நீ?"

"பாத்தா தெரியலயா? சாக்ஸ் காய வைக்கிறேன்."

"என் ஜீப்புலயா?"

"இந்த மழையில வேற எங்க காயும்? இங்கதான் சூடா காத்து வருது. மூணு வாரமா இதுலதான் காயுது. நீங்க என்னைக்கு வீட்டுப் பக்கம் பாத்தீங்க?"

திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். சாக்ஸ் எல்லாம் தெருப் பக்கம் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன.

வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் அது. உள்ளே இருந்த சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மலையில் மெதுவாகப் போகும்போது எதிர்க்காற்றையும் அதுவே தடுத்திருக்கிறது. வீட்டு சீலிங் ஃபேனில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும். நான் மாட்டிய சீலிங் ஃபேன்களுக்குக் கணக்கில்லை, எந்த வயர் எங்கே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பேட்டரியில் ஓடுகிற ஃபேன் அப்படி இல்லை. மாற்றிக் கொடுத்தால் திருப்பிச் சுற்றும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் வயர்மேன்.

பிளையரை எடுத்து இரண்டு வயரையும் மாற்றினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நியூஸ்பேப்பர் தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். சடாரென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. மழையில் இறங்கி நின்று கத்தினேன்.

"அப்ப என் சாக்ஸு?" என்றாள் மனைவி.

நேரே தவுக்கே கடைக்கு ஓட்டினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன், எப்படி என்றும் சொன்னேன். அவர் வெல்டிங்கை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் முன் சீட்டில், சூடு காட்டும் முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்தார். மூன்றாவது வளைவு. முள் பாதியில் நின்றது. ஐந்தாவது வளைவில் முன்னால் ஒரு மணல் லோரி, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. வேண்டுமென்றே அதை முந்தாமல் பின்னாலேயே போனேன். முள் அசையவில்லை. உச்சியில் டுரியான் பழக் கடைகள் தெரிந்தபோது இரண்டு தொடையிலும் ஓங்கி அடித்துக்கொண்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார் அண்ணன்.

பாலிக் பூலாவில் இறங்கியதும் குத்தகைக்காரருக்குப் போன் போடப் பொதுத் தொலைபேசிக்குப் போனார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணே, வர வேணாம். விக்கல... இல்ல, வெலைக்காக இல்லண்ணே. தம்பிக்கு வேணுமாம்."

போனை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "குலுக்கலு தாங்கலடா."

"பின்னால ஸ்பிரிங் பட்டையில நாலாவது செத்துப்போச்சுண்ணே. அத எடுத்துட்டு லோரி பட்டைய வெட்டிப் போட்டா..."

அவர் லக்சா சாப்பிடக் கடைப் பக்கம் நடந்தார். நான் பட்டையின் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டே பின்னால் போனேன்.