மலை மேல் வைத்த டைமிங்

மலை மேல் இருக்கும் செம்மேடு பஸ் நிலையத்தில் இறங்கி, செங்கோடன் பட்டறை எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘ஐயையோ மெக்கானிக்’ என்று கேட்டால் உடனே கை காட்டிவிடுவார்கள். எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஐயையோ, இது தாங்காதுங்களே” என்பார் அவர். செயின் தாங்காது, கிளட்ச் தாங்காது, பிரேக் தாங்கவே தாங்காது. அப்படித் தாங்காமல் போயிருக்க வேண்டிய வண்டிகளில் பாதி இன்னும் மலையில் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அதனால் அவருடைய பயத்தை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

இடிக்குப் பயம், போலீசுக்குப் பயம், எல்லாவற்றையும்விட மலை இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயம். அதே மலையில் ஆலத்தூர் நாட்டில் பிறந்தவர், தன் கல்யாண வேட்டியை எடுக்கக்கூட அண்ணனைத்தான் கீழே அனுப்பினார். உதிரி பாகமெல்லாம் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேரும்.

இந்த மனிதரிடம் ஒரு ரேஸ் வண்டி வந்து சேர்ந்ததற்குக் காரணம், தங்கை ராமாயியைக் கட்டிய முரளி. பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள் அவன். சேந்தமங்கலத்துக் கோழிப்பண்ணைக்காரர் சின்னராசு, கால் மைல் பந்தயத்துக்கென்றே ஒரு பைக்கைத் தயார் செய்து, ஓட்ட முரளியைப் பிடித்திருந்தார். வண்டிக்குத் தீனி பெட்ரோல் இல்லை, எரிசாராயம். கீழே வைத்து வேலை பார்த்தால் எதிராளிகள் வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று வண்டியை மலைக்கு ஏற்றி அனுப்பினார். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், தை பிறந்த சமயம். அந்த வாரம் முழுவதும் செங்கோடன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் மனைவி மாதம்மாள் முகர்ந்து பார்த்துத்தான் சோறு போட்டாள்.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பாகவே பிளக்கில் பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பாக என்பதுதான் டைமிங். எரிசாராயம் குளிர்ச்சியாக எரிவதால், பெட்ரோலைவிடப் பொறியை இன்னும் முன்னே தள்ளலாம். தள்ளத் தள்ள இழுவை கூடும். அளவு மீறினால், ஏறி வருகிற பிஸ்டனின் மண்டையிலேயே உள்ளிருந்து அடி விழும். சுத்தியல் தட்டுவது போல டக் டக் என்று கேட்கும். அப்போதும் விடாமல் முறுக்கினால் பிஸ்டன் உருகி ஒட்டிக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுகிறவன் மட்டும் நிற்க மாட்டான்.

செங்கோடன் பொறி விழும் நேரத்தை மாற்றும் மேக்னட் தட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். முரளி விடிகாலையில் மலைமேலேயே வாசலூர்பட்டி ரோட்டில் ஓட்டிக் காட்டினான். தட்டல் கேட்கும் இடம் வரை போய், அங்கிருந்து ஒரு இழை பின்னுக்கு வந்து இறுக்கினார். காதைச் சாய்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

“தாங்கும்” என்றார்.

முரளி சிரித்துவிட்டான். மச்சான் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயம். முரளியும் வண்டியும் முந்தின நாளே இறங்கியாயிற்று. அன்று செங்கோடன் பட்டறையைத் திறந்து உட்கார்ந்தபோது, கீழே போய்விட்டு வந்த செல்லமுத்து தன் பெட்ரோல் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“அண்ணா, போன வாரம் டைமிங் வெச்சுக் குடுத்தீங்கல்லங்க? கீழ எறங்குனா டக்கு டக்குனு தட்டுதுங்க. மேல வந்தா சரியாயிருது.”

இருபது வருஷமாக வருகிற புகார். இருபது வருஷமாக ஒரே பதில். “கீழ போடற பெட்ரோலு சரியில்ல சாமி.”

“அதே பெட்ரோல்தானுங்கண்ணா இப்பவும் டேங்க்ல இருக்குது. இங்க தட்டலீங்களே.”

செங்கோடன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பெட்ரோல் இல்லை. காற்று. மேலே காற்று லேசு. எஞ்சினுக்குள் போவது குறைவு, உள்ளே அழுத்தமும் குறைவு. அதனால்தான் பொறியை அவ்வளவு முன்னே தள்ளியும் பொறுத்துக்கொண்டது. கீழே காற்று கெட்டி. அங்கே அதே டைமிங்கில் முரளி முழுசாக முறுக்கப்போகிறான். தாங்கும் என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். சின்னராசு செல்போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. திரும்ப ஓடிவந்து, செல்லமுத்துவைக் கிளப்பச் சொல்லி ஜீப்பில் ஏறினார்.

மாதம்மாள் வெளியே வந்தாள். “எங்கீங்க?”

“கீழ.”

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

வளைவுகளில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் பள்ளத்தைப் பற்றிய பழைய பயத்துக்கு அன்று இடம் போதவில்லை. ராமாயியிடம் என்ன சொல்வது என்பதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில், “நிறுத்து. திருப்பி அந்த மேட்டுல முறுக்கி ஏத்து” என்றார்.

“நேரமாயிருச்சுங்களே அண்ணா.”

“ஏத்து சாமி.”

டக் டக் என்று தட்டியது. மலை மேல் இந்த ஜீப்பில் கேட்கவே கேட்காத சத்தம். இறங்கி, பொறி பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி பின்னுக்குத் திருப்பி மறுபடி ஏற்றச் சொன்னார். பிறகு இன்னும் துளி. தட்டல் நின்றபோது திருப்பிய அளவைப் பார்த்தார். நினைத்ததைவிட அதிகம். ஜீப்புக்கு இவ்வளவென்றால் எரிசாராய பைக்குக்கு எவ்வளவு? அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் நேரமில்லை.

இன்னும் திறக்காத புது பைபாஸ் ரோட்டில் கூட்டம் அப்பிக் கிடந்தது. முரளி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, ஏறாதீங்க. டைமிங் தப்பு.”

“நீங்கதானுங்களே மச்சான் தாங்கும்னீங்க?”

“நான் வெச்சது மேலத்த காத்துக்குங்க. இது கீழத்த காத்து. தப்பு என்னுதுதான்.”

சின்னராசு சிரித்தார். “காத்துல ஏதுப்பா மேலத்தது கீழத்தது? காலைல ஓட்டிப் பாத்தாச்சு, புலி மாதிரி போகுது. ஓரமாப் போ.”

காலையில் பாதி முறுக்கில்தான் ஓட்டியிருப்பார்கள்; பாதி முறுக்கில் எல்லாம் புலிதான். செங்கோடன் குனிந்து பிளக் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சின்னராசு கையை ஓங்கினார். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார், எழுந்திருக்கவில்லை.

முரளி குறுக்கே வந்தான். “விடுங்க. ரெண்டு நிமிசம் அவரு பயத்துக்குக் குடுத்துருவோம்.”

செங்கோடன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தட்டைப் பின்னுக்கு நகர்த்தினார். போதுமா, கூடிப்போயிற்றா, சத்தியமாகத் தெரியாது.

வண்டி கிளம்பியதும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கண்ணைத் திருப்பலாம், காதை என்ன செய்வது? சத்தம் சீராக ஏறியது. கடைசியில், தூரத்தில், மெல்லியதாக ஒரு தட்டல். பிறகு எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது. யாரோ கைதட்டினார்கள். எதிராளி ஒரு சக்கர நீளத்தில் ஜெயித்துவிட்டானாம். தோற்றதைக் கேட்டுச் சாமியைக் கும்பிட்டவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

முரளி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “போயிருச்சா பந்தயம்?” என்று சின்னராசு பல்லைக் கடித்தார். “இன்னொரு ஓட்டம் இருக்குது, அதுக்குப் பழையபடியே வை. உம் பேச்சக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்.”

செங்கோடன் பிளக்கைக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானில் மினுக் மினுக்கென்று பொடிப் புள்ளிகள். முரளியிடம் கொடுத்தார்.

முரளி நகத்தால் சுரண்டினான். “இதென்னங்க மச்சான்?”

“பிஸ்டன்.”

“உள்ள இருக்கறதுங்களா?”

“உள்ள இருந்ததுங்க. பின்னால தள்ளியும் இவ்வளவு உருகி வந்துருக்குது.”

முரளி பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கையுறைகளைக் கழற்றி வண்டி சீட்டின் மேல் வைத்தான். “நான் ஏறலீங்க” என்று சின்னராசுவிடம் சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்தான். சின்னராசு கத்தியது எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. செங்கோடனும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“மச்சான், பழைய டைமிங்ல விட்டிருந்தா எது வரைக்கும் போயிருப்பேனுங்க?”

செங்கோடன் நேராகக் கிடந்த புதுத் தார் ரோட்டைப் பார்த்தார். “பாதி தாண்டிருக்க மாட்டீங்க” என்றார்.

முரளி அவருடைய கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை அவர் கையைவிட அதிகமாக நடுங்கியது.