ஒரு காதோடு செய்த இரண்டாவது ஆல்பம்

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் நாங்கள் நால்வர் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். நான் ட்ரம்ஸ். என் பள்ளித் தோழன் கித்தார். பாடியது அவனுடைய அக்கா. வார நாட்களில் மருத்துவமனையில் தாதி வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழு. பேஸ் வாசித்தவன் எங்களோடு ராணுவத்தில் தேசிய சேவை செய்த சீன நண்பன். தோ பாயோவில் அந்த மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தைச் சனிக்கிழமை மதியங்களில் பங்குச் சாமியார் எங்களுக்குத் திறந்துவிடுவார். திறந்த கையோடு எங்கேயாவது கிளம்பிப் போய்விடுவார். அவ்வளவு சத்தம்.

முதல் ஆல்பம் முழுக்க அந்தச் சத்தம்தான். யார் முதலில் முடிப்பது என்பதுபோல வாசிப்போம். எங்களையும் மீறிக் கேட்க வேண்டுமென்று அக்கா தொண்டை கிழியக் கத்துவார். சமூக மன்றங்களில் சனங்கள் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு ஆடினார்கள். இரண்டாவது ஆல்பம் இன்னும் வேகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கித்தார் வாசித்தவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது இவனுக்கு வந்திருக்கிறது என்று கேலி செய்தோம். வீக்கம் வடிந்தது. இடது காது மட்டும் அடைத்தது அடைத்தபடி இருந்தது. இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பயிற்சிக்கு வந்தான். ஒரு பாட்டைத் தொடங்கினோம். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“எல்லாம் ஒண்ணா வந்து விழுதுடா. எது நீ, எது நான்னு தெரியல. கொஞ்சம் விட்டு விட்டு அடி லா.”

எனக்குச் சுருக்கென்றது. “ட்ரம்ஸே வேணாம்னா நேரா சொல்லிடு.”

“அவன் வேணாம்னு சொல்லலடா,” என்றார் அக்கா. “உன்னைக் கேக்கணும்னு சொல்றான்.”

பாதி ட்ரம்களைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். கோபத்தில்தான் செய்தேன். அவன் கித்தாரின் மேல் விளிம்பில் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு ஒரே ஒரு சுரத்தை மீட்டினான். அது எலும்பு வழியாக அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கண்களை மூடி, அது முழுதாக அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததை மீட்டினான். முன்பு அந்த இடைவெளியில் இருபது சுரங்கள் வாசித்திருப்பான்.

அந்த வாரங்களில் எங்கள் பாட்டுகள் ஒவ்வொன்றாக மெதுவாயின. அக்காவுக்குக் கத்த வேண்டிய தேவை இல்லாமல் போனது. அவர் தணிந்த குரலில் பாடியபோதுதான், இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடப் பாட்டில் சேர்ந்துகொண்டது. எங்கே தொடுவது என்று பயந்து பயந்து குச்சியை வைத்தேன்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு வயதான மலாய்க்காரர் பதிவு செய்தார். அதிகம் பேசமாட்டார். கடைசிப் பாட்டு முடிந்தும் நாடாவை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேஸ்காரன் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் அவர் கை நகர்ந்தது.

ஆல்பம் வந்தது. தேக்காவில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், “என்னா தம்பி, ஆடுற பாட்டு ஒண்ணுகூட இல்லையே? பசங்க திருப்பிக் கொண்டாந்து வைக்கிறாங்க,” என்றார். அவனிடம் சொல்லவில்லை.

பூன் லே சமூக மன்றத்தில் அந்த ஆல்பத்தைத்தான் வாசித்தோம். தொழிற்சாலை வேலை முடிந்து வந்த கூட்டம். ஆடுவதற்கென்று எழுந்தவர்கள் முதல் பாட்டில் நின்றபடி பார்த்தார்கள். இரண்டாவதில் உட்கார்ந்தார்கள். கடைசிச் சுரம் அடங்கியது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வந்து என் கையைப் பிடித்தான். “டேய், இந்தக் காதும் போயிடுச்சா?”

“இல்லடா,” என்றேன். “யாரும் இன்னும் கை தட்டல.”

அப்புறம்தான் அது தொடங்கியது, பின்வரிசையிலிருந்து. அவன் வலது காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, முடியும்வரை அசையாமல் நின்றான்.