நகலெடுத்து ஒட்டிய ஒரு வரி

கணினி நிரலுக்காக நான் எழுதிய ஒரு வரியைப் பெயர் சொல்லி அழைக்காமல், ஒருவர் நகலெடுத்துத் தன் கோப்பில் ஒட்டிக்கொண்டால், அந்த நகல் பழுதானதற்கு நான் பொறுப்பா? இன்னும் பதில் தெரியவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை.

மீனாட்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடி கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மருத்துவமனைகளுக்கான மென்பொருள். ஒரு நோயாளியின் விவரத்தை யார் திறந்தாலும் அது பதிவாக வேண்டும். அதற்காக நிரலில் ஒவ்வொரு இடத்திலும் 'பதிவு செய்' என்று எழுத மாட்டோம். எந்தெந்த இடங்களில் பதிவு நடக்க வேண்டும் என்று வெளியே தனியாக ஒரு வரி எழுதுவோம். அதற்குப் பாயின்ட்கட் என்று பெயர்.

இந்த வரிகள் ஆளுக்கொரு கோப்பில், ஒன்றே பல விதமாகக் கிடந்தன. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் புரிகிற மாதிரி பெயர் வைத்தேன். "வரியைக் காப்பி எடுக்காதீங்க, பேரை மட்டும் எழுதுங்க" என்று குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள், குழுவில் என்னைவிட மூத்தவர் ஒருவர் உட்பட.

போன மாதம் நோயாளி விவர நிரல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னார் டீம் லீடர். மாற்றினேன். பொதுக் கோப்பில், அந்த ஃபோல்டரின் பெயர் வரும் ஒரு வரியைத் திருத்தினேன். பெயரால் அழைத்தவை எல்லாம் தாமாகச் சரியாகிவிட்டன. ஆனால் மூத்தவர், ஸ்கேன் அறிக்கைகளுக்காக என் வரியை நகலெடுத்துத் தன் கோப்பில் ஒட்டியிருந்தார். அது காலியான பழைய ஃபோல்டருக்கே காவல் இருந்தது. இப்படிப்பட்ட வரி எதிலும் பொருந்தாவிட்டாலும் பிழை என்று கத்தாது. சும்மா இருக்கும். ஸ்கேனை யார் பார்த்தது என்று மருத்துவமனை கேட்டபோதுதான் பதிவே இல்லை என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வீடியோ கூட்டத்தில் லீடர் ஆரம்பித்தார். "எல்லாத்தையும் ஒரே எடத்துல குமிச்சு வெச்சீங்க. இப்பப் பாருங்க."

"அங்க இருக்கறது ஒண்ணும் கெடலீங்க சார். வெளிய ஒட்டுனதுதான் கெட்டிருக்குது," என்றேன்.

"எனக்கு அப்ப அவசரங்க," என்றார் மூத்தவர். "மாத்தறதுக்கு முன்னால ஒரு போன் போட்டிருக்கலாமல்லங்க? பாப்பாவத் தூங்க வெச்சுட்டு இருந்தீங்களோ என்னமோ."

சிரித்தார்கள். பாப்பா தூங்கவில்லை. என் மடியில்தான் இருந்தாள்.

"இனி அவங்கவங்க வரிய அவங்கவங்க கோப்புலயே எழுதிக்கட்டும்," என்றார் லீடர். "நீங்களும் அடுத்த மாசத்துல இருந்து ஆபீசுக்கு வந்துருங்க. ஊட்டுல இருந்தா இதெல்லாம் கவனத்துல நிக்காது. இல்ல, உங்க பக்கம் தப்பில்லேன்னா திங்கக்கிழமை எல்லார்த்துக்கு முன்னாலயும் அதச் சொல்லுங்க."

லேப்டாப்பை அறைந்து மூடினேன். மகள் வீறிட்டாள். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, அந்தப் பொட்டிகிட்டக் கத்தறதுல பாதி புள்ளகிட்டப் பேசுனா, அவ இந்நேரம் நாலு வார்த்தை பேசியிருப்பா."

"ஒண்ணுமில்லீங்க அத்தை," என்றேன். என்னத்தைச் சொல்வது? ஒன்றரை வயதாகியும் மகள் இன்னும் பேசவில்லை. பால்குடியும் மறக்கவில்லை. பொள்ளாச்சி போய் பஸ் மாறி, கோயம்புத்தூருக்குத் தினமும் போய்வந்தால் அவளை எப்போது பார்ப்பேன்?

மாற்றுவதற்கு முன் பழைய ஃபோல்டரின் பெயரை மொத்த நிரலிலும் தேடியிருக்கலாம். ஏன் தேடவில்லை? ஒவ்வொரு வரியும் ஓர் இடத்திலாவது பொருந்துகிறதா என்று ஒரு சோதனை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் அது என் கோப்பைத்தான் சோதித்திருக்கும், அவர் ஒட்டியதை அல்ல. இந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி கோபம் பொங்குகிறது. கட்டைவிரலைத் தூக்கியவருக்கு ஒரு சொல்லும் இல்லை. எனக்குத்தான் பஸ்.

தேடாதது என் தவறு என்று சொன்னால் பொதுக் கோப்பும் போகும், வீட்டிலிருந்து செய்யும் வேலையும் போகும். சொல்லாவிட்டால் பொய் சொன்னதுபோல உறுத்தும். இதே வேலையில் இருப்பவர்களோ, கைக்குழந்தையோடு வேலை பார்த்தவர்களோ இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை நான் எதை முதலில் சொல்ல வேண்டும்?