ஃப்ளோரா சொன்ன சாட்சி

ஃப்ளோரா வாயைத் திறந்தால் கல்லும் கரையும் என்பார்கள். அவள் வேலை பார்க்கும் ஆண்டர்சன்பேட்டை துணிக்கடையில் ஒரு புடவை எடுக்க வந்தவர்கள் மூன்றோடு வீடு திரும்பியதெல்லாம் அவள் பேச்சினால்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல அவள் எழுந்துவிட்டால், பின்வரிசையில் கண் சொக்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னிலையிலும் எடுத்துச் சொல்வதுதான் சாட்சி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நிக்கோல் பிறந்தபோது அவள் சொன்ன சாட்சியை அவள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் பகுதியில் இன்றும் பேசுகிறார்கள். அந்த வாய்தான் கடைசியில் அவளைக் கெடுத்தது.

நிக்கோலுக்கு ஐந்து வயது. போன வருஷம் மழை விட்டதிலிருந்து சாயங்காலமானால் உடம்பு சுடும், சோறு இறங்காது, இருமல் நிற்காது. பள்ளிக்கூடத்துப் பாவாடை இடுப்பில் தங்காமல் நழுவ ஆரம்பித்ததும் ஃப்ளோரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கணவன் எரிக் விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டியபின் திரும்புகிறவன். வீட்டுப் பாடெல்லாம் அவள் தலையில்தான்.

"வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க மாமா இருமுவாரு. அது மைன்ஸ் தூசி, டாக்டர். எங்க பக்கம் அது இல்லாத வூடே இல்ல."

மாமனார் ஏனோக் கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். அவர் தலைமுறையின் இருமலை இங்கே யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. நிக்கோல் அவர் மடியில் உட்கார்ந்துதான் டிவி பார்ப்பாள்.

டாக்டர் ஒரு டப்பாவைக் கொடுத்து சளியைத் துப்பச் சொன்னார். அந்த வயதுப் பிள்ளைக்குத் துப்பவா தெரியும்? வந்தது வெறும் எச்சில். அதைக் காசநோய்க் கிருமியைத் தேடும் மிஷினில் வைத்தார்கள். அன்றைக்கே நெகட்டிவ் என்று வந்துவிட்டது.

"இது பாதி பதில்தாம்மா. சின்னப் பிள்ளைங்க சளியை முழுங்கிடுவாங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. மூக்கு வழியா சின்ன டியூப் விட்டு வயித்துல இருக்கிறதை எடுத்து, இதே மிஷின்ல பார்க்கலாம். தாத்தாவோட சளியையும் பார்த்துடணும்" என்றார் டாக்டர்.

ஃப்ளோரா தலையாட்டினாள். எல்லாம் காதில் விழுந்தது. மனசில் தங்கியது நெகட்டிவ் என்ற ஒரு வார்த்தைதான். மறுநாள் பிள்ளை பசியில் அழுததும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பாலைக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்றாள். "டிபியா இருக்கும்னு பயமுறுத்தினாங்க. மிஷினே இல்லைன்னு சொல்லிடுச்சு! என் கர்த்தர் என்னை வெட்கப்பட விடல!" சபை அல்லேலூயா என்று முழங்கியது. பாஸ்டர் நிக்கோலின் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிள்ளை அப்போதும் இருமிக்கொண்டுதான் நின்றது.

அதற்கப்புறம் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவது? அங்கே நர்ஸாக இருக்கும் எலைன் இதே சபைக்காரி. மறுபடி டெஸ்ட் என்று போய் நின்றால், அன்றைக்குச் சொன்ன சாட்சி பொய்யா என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். எலைன் அப்படிக் கேட்கிற பெண்ணே இல்லை. அவளாகவே போன் செய்து, "இட்டுக்கினு வா, ஃப்ளோரா" என்று கூப்பிட்டாள். "இப்போ நல்லாகீறா, அக்கா" என்று இவள் பேச்சை முடித்துவிட்டாள். விசுவாசம் என்று அதற்கு அவள் பேர் வைத்துக்கொண்டாள். வெறும் வீம்பு அது, வேறென்ன? எரிக் விசாரித்தபோதெல்லாம், "டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சே" என்றாள். டாக்டர் சொன்ன மீதியை அவனிடம் சொல்லவேயில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு காலை, தலைவலி என்று அழுதுகொண்டே எழுந்த நிக்கோல் வாந்தி எடுத்தாள். கை கால் இழுத்துக்கொண்டது. கோலாரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காசநோய் மூளை வரைக்கும் ஏறியிருக்கும் போலிருக்கிறது, பிழைத்தாலும் கண்ணோ காதோ பழுதாகலாம் என்று சொல்லி உடனே மருந்தை ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை டியூப் போட்டு எடுத்ததை மிஷினில் வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் வந்தது, காசநோய்தான். ஒரு காலைப்பொழுது வேலை, அவ்வளவுதான். அதைத் தள்ளிப்போட்டுத்தான் பிள்ளையை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தாள். ஏனோக்கின் சளியிலும் அதே கிருமி இருந்தது. மனுஷன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

மருந்து மெல்ல வேலை செய்தது. பல நாள் கழித்து நிக்கோல் கண்ணைத் திறந்து, அம்மாவின் விரலைப் பிடித்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எரிக்குக்குக் கோபப்படவே தெம்பு வந்தது.

"இன்னா மிஷின் வெச்சிகிறாங்க அங்க? அன்னிக்கே ஒழுங்கா சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா? நாளைக்கே போய் அந்த டாக்டரை நாலு கேள்வி கேக்கறேன்."

"கேக்காதீங்க" என்றாள் ஃப்ளோரா. "அவரு மறுபடி வரச் சொன்னாரு. நான்தான் போவல. சபையில சாட்சி சொல்லிட்டேனே, எல்லாரும் இன்னா நினைப்பாங்களோன்னு..."

கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லீவு போட்டு நானே இட்டுக்கினு போயிருப்பேனே, ஃப்ளோரா" என்று சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஃப்ளோராவும் வாய்விட்டு அழுதாள். பிள்ளையின் மேல் குனிந்து, "மம்மியை மன்னிச்சுடு கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நிக்கோல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில் கேட்டாள்:

"மம்மி, ஏன் வாயை மட்டும் ஆட்டினு கீறீங்க? பேசுங்க!"