நாய்க்கு மருந்து ஏற்றிய மாதங்கள்

நாயின் கழுத்துப்பட்டை இறுக்கமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதைத் தளர்த்திவிட்டுத் தாடைக்குக் கீழே தடவியபோது, இரண்டு பக்கமும் கோலிக்குண்டு போல ஏதோ உருண்டது. அவளுக்கு வலித்த மாதிரித் தெரியவில்லை. இன்னும் தடவு என்பதுபோல முகத்தை நீட்டினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் உடனே கையை எடுத்துவிட்டார். அவருக்கும் கழுத்தில்தான் ஆரம்பித்தது.

அவருடைய புற்றுநோய் குணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சிகிச்சை முடிந்து, வேலைக்குத் திரும்ப முடியாமல் வீட்டில் கிடந்த நாட்களில்தான் இந்த நாய் எங்களிடம் வந்தாள். ஜெலுத்தோங் பாசாரில், மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு லாரிக்கு அடியில் முனகிக்கொண்டிருந்த குட்டி. நடந்தால் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், இவருக்கோ தனியாக நடக்கக் கூச்சம். எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் நோயைப் பற்றியே விசாரித்தார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போனால் நாயைப் பற்றிப் பேசினார்கள். அப்படித்தான் இருவரும் காலையில் கடலோரம் நடக்கத் தொடங்கினார்கள்.

கடல் பாலத்தைத் தாண்டி, சிம்பாங் அம்பாட்டில் ஒரு பெண் டாக்டர் நாய்களுக்குப் புற்றுநோய் மருந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஊசியால் கட்டியிலிருந்து நீர் எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய்தான் என்றார். சீனர், எங்களுக்குப் புரியவேண்டுமென்று மலாயில் நிதானமாக விளக்கினார். மருந்து ஏற்றலாம். பல மாதங்கள் வந்துபோக வேண்டும். நோய் முழுதாகப் போகாது, ஆனால் நல்லபடியாக ஒரு வருடம்கூட இருக்கலாம். அது வேண்டாமென்றால் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுக்கலாம். ஒரு மாதமோ இரண்டு மாதமோ தெம்பாக இருப்பாள், அவ்வளவுதான். மாத்திரையில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் மருந்து சரியாகப் பிடிக்காது, அதனால் இப்போதே முடிவு சொல்லுங்கள் என்றார்.

காரில் திரும்பி வரும்போது பாலத்தின் மேல் எங்களுக்குள் வாக்குவாதம்.

"மாத்திரையே போதும்" என்றார் அவர்.

"உங்களுக்கு வந்த அதே நோய்தான்லா. நீங்க இப்ப காடி ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கலயா?"

"எனக்கு எதுக்கு ஊசி போடுறாங்கன்னு தெரியும். இவளுக்கு யாரு போய் சொல்றது?"

"நாய்ங்களுக்கு நம்மள மாதிரி கஷ்டம் இருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் விட்டால் நான் சொன்னது முடிவானது என்று எங்கள் வீட்டில் அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன்.

முதல் மருந்துக்கே கட்டிகள் கரைந்துவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னேனா இல்லையா?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் வரவேண்டியதில்லை என்று சொல்லியும் அவர் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தார். மருந்து ஏறி முடியும்வரை தரையில் உட்கார்ந்து அவளுடைய முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவளுக்கு மீசை முடி உதிர்ந்தது. சிறுநீரில் மருந்து இருக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு தரையைக் கழுவினேன். சில மருந்துகளுக்குப் பிறகு இரண்டொரு நாள் சாப்பாட்டைத் தொடமாட்டாள். கோழியை அவித்து, எலும்பில்லாமல் பிய்த்து, "இன்னும் ஒரு வாய்டா" என்று ஊட்டுவேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குவாள். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கக்கிவிட்டு வருவாள்.

போகப் போக, கார் சாவிச் சத்தம் கேட்டாலே சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். அவர்தான் முட்டி போட்டு உள்ளே தவழ்ந்து போய், காதில் ஏதோ சொல்லி அழைத்து வருவார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கட்டிகள் திரும்பிவிட்டன. வேறொரு மருந்து இருக்கிறது, நம்பிக்கை குறைவுதான், வேண்டுமானால் முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன்.

"கொஞ்சம் வெளிய வா" என்றார் என் கணவர்.

கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. எனக்குப் பாதி ஊசி முடிஞ்சப்பவே நிறுத்திடணும்னு இருந்துச்சு. நிறுத்தினா என்ன ஆகும்னு டாக்டர்கிட்டகூட கேட்டுட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு வந்தேன். நீ கஞ்சியக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிற. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது? சரின்னு மறுபடியும் போயிட்டேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நல்லதுதானே ஆச்சு? இன்னிக்கு என் முன்னால நிக்கிறீங்கல்ல?"

"நிக்கிறேன். நல்லதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவ பசிச்சா சாப்பிடுறா? உனக்காகச் சாப்பிடுறா. எனக்கு அது தெரியும்லா."

இத்தனை வருடங்களில் அவர் இப்படித் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கஞ்சிக் கிண்ணம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போய் மாத்திரை மட்டும் போதும் என்று டாக்டரிடம் சொன்னேன்.

மாத்திரை அவளுக்கு அகோரப் பசியைக் கொடுத்தது. ரொட்டி சானாயைப் பொட்டலத்தோடு இழுத்துக்கொண்டு ஓடினாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வீடெல்லாம் நனைத்தாள். சாவிச் சத்தத்துக்குப் பயந்து ஒளிவது நிற்கவில்லை. இனி அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகமாட்டோம் என்று அவளுக்கு யார் சொல்வது? நடந்தே கடலோரம் போனோம். நானும் கூடப் போனேன். ஏன் முன்பே போகவில்லை என்று அப்போது தோன்றியது.

ஒரு காலை அவள் எழுந்து நிற்கவில்லை. எங்கள் பகுதி மிருக டாக்டர் ஒருவரை வீட்டுக்கு வரச்சொன்னோம். கூடத்தில் பாய் விரித்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார் என் கணவர். கடைசி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, போடலாமா என்று டாக்டர் அவரிடம்தான் கேட்டார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவள் காதை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி டாக்டர்" என்றார்.

மருந்து ஏற்றியதால் அவளுக்குக் கிடைத்த மாதங்களில் நல்ல நாட்களும் இருந்தன. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவை அவளுக்காகவா எனக்காகவா என்று யோசித்தால் எனக்கே பதில் தெரியவில்லை. அதைவிட, அவரைப் பற்றி யோசிக்கத்தான் பயமாக இருக்கிறது.

இந்த வருடச் சோதனையில் அவருக்கு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். மருத்துவமனைப் படியில் இறங்கும்போது, அன்றைக்கு நிறுத்தாமல் விட்டதில் உங்களுக்கு வருத்தம் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன்.

"பசியாறிட்டுப் போவமா?" என்றார் அவர்.

போகலாம் என்றேன்.